உயிருக்குச் சத்தம், மெய்க்கு முட்டு

இந்தக் காலத்து ஆட்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் செய்ய மாட்டார்கள். அதை எப்படிச் செய்வது என்று கூட்டம் போடுவார்கள். கூட்டத்துக்குத் தேத்தண்ணி வேண்டும், தேத்தண்ணிக்கு வடை வேண்டும், வடை தின்ற கையைத் துடைக்கக் கடதாசி வேண்டும், கடதாசி எடுப்பதற்கு இன்னொரு கூட்டம் வேண்டும். முந்தி இருந்தவர்கள் நல்லவர்கள் என்று வேலப்போடி சொல்லவில்லை. அப்போதும் கள்ளர் இருந்தார்கள், சோம்பேறிகள் இருந்தார்கள். ஆனால் சோம்பேறி பாயில் கிடந்தான். கதிரை போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, வாசலில் பலகை மாட்டிக்கொண்டு சோம்பியிருக்க அவனுக்குத் தெரியாது.

வேலப்போடி கதிரவெளியில் தூண்டில் போடுகிறவர். படிப்பு இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பார். வாசித்ததை நம்ப மாட்டார். சுனாமி அவருடைய பெண்சாதி ஆச்சிப்பிள்ளையைக் கொண்டுபோய், மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்து போட்டது. வேறு இருபத்திரண்டு பேரோடு ஒரே குழியில் வைத்தார்கள். யாரும் ஒரு துண்டுக் கடதாசி எழுதவில்லை. எழுதுகிற நேரமா அது.

ஆனால் குடியிருந்த வளவு ஆச்சிப்பிள்ளையின் பேரில் கிடந்தது. அந்தப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணோடு போகிறவை, தாயிடமிருந்து மகளுக்கு. வேலப்போடியும் நாற்பது வருடம் பெண்சாதியின் வளவில்தான் குடியிருந்தார். இனி அது மகள் உசாந்திக்கு. உசாந்தியோ புருசனோடும் கைக்குழந்தையோடும் தறப்பாளுக்குக் கீழே கிடந்தாள். வீடு கட்டித் தருகிறோம் என்று வந்தவர்கள் காணி உறுதியைக் கேட்டார்கள். உறுதியை மகள் பேருக்கு மாற்றுகிறவர்கள் தாயின் மரண அத்தாட்சிப் பத்திரத்தைக் கேட்டார்கள். பத்திரத்துக்குப் புளியந்தீவில் புதிதாகத் திறந்த கந்தோருக்குப் போகச் சொன்னார்கள்.

அந்தக் கந்தோருக்குப் பேர் ‘கடலோர உயிரிழப்புத் தரவேற்ற ஒருங்கிணைப்புப் பணியகம்’. பேர்ப்பலகை கந்தோரை விட நீளமாயிருந்ததால் ஒரு முனை பக்கத்துச் சைக்கிள் கடைக்கு மேலே நீண்டு கிடந்தது. டயர் ஒட்ட வருகிறவர்களிடம் சைக்கிள் கடைக்காரனும் “உங்கட வீட்டில ஆரு போன?” என்று கேட்கப் பழகியிருந்தான். அவனாவது கேட்டான்.

வேலப்போடி முதல் தரம் போனது சுனாமி வந்து மூன்றாம் மாதம். பனிச்சங்கேணியில் பாலம் உடைந்து கிடந்தது. இறங்கி, கடந்து, வேறு பஸ் பிடித்து, நாலு சோதனைச் சாவடியில் சட்டையைத் தூக்கிக் காட்டி வந்து சேர மத்தியானமாகிவிட்டது.

மேசையில் நஸீறா இருந்தாள். ஏறாவூர்க்காரி, நாற்பத்தைந்து வயது, இருபது வருடம் டைப்ரைட்டரில் மற்றவர்களின் மனுக்களை அடித்துக் கை காய்த்தவள். அவளுக்கு முன்னால் கம்பியூட்டர் ஒன்று துணி போட்டு மூடியிருந்தது.

“பேரச் சொல்லுங்க ஐயா.”

“ஆச்சிப்பிள்ளை.”

“உங்கட பேரு?”

“என்ட பேர் என்னத்துக்கு? நான் இன்னும் சாகல்ல.”

நஸீறா சிரிப்பை முக்காட்டுக்குள் மறைத்தாள். “ஐயா, இப்ப பதியேலா. கீபோட் முடிவாகல்ல.”

“துணிக்குக் கீழ கிடக்கிறது என்ன?”

“ரெண்டு வகை வந்திரிக்கி. எது எண்டு மேல முடிவெடுக்கும் வரைக்கும் தொடக்கூடாதாம்.”

“பேனையால எழுது புள்ள.”

நஸீறா சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “பேனையால எண்டா நாலு நிமிசம். பொஸ்தகமும் சீலும் இந்த லாச்சிக்குள்ளதான் கிடக்கு. எழுதினா என்ட வேல போயிரும். வீட்டில மூணு பேர் என்ட கையப் பாத்துக்கிட்டு இருக்காங்க.”

அதற்குள் பணிப்பாளர் வினாயகமூர்த்தி அறையிலிருந்து வந்தார். தலை வாரியிருந்தது, ஒரு பக்கம் மட்டும் தலையணையில் அமுங்கியிருந்தது. இரண்டு விசைப்பலகைகளையும் எடுத்து, பிறந்த பிள்ளைகளைக் காட்டுவதுபோல் காட்டினார்.

“இது கண்ட கடையில கிடக்கிற சாமான் இல்ல ஐயா. ஒவ்வொரு எழுத்துக்கும் கீழ தனித்தனிச் சுருள்வில்லு. இந்த வகை அமத்தினா ‘டிக்’ எண்டு சத்தம் போடும். மத்த வகை சத்தம் போடாது, பாதியில விரலுக்கு ஒரு சின்ன முட்டு முட்டும். எழுத்து விழுந்திட்டு எண்டு இது காதுக்குச் சொல்லும், அது விரலுக்குச் சொல்லும்.”

“ரெண்டிலயும் எழுத்து விழுமா?”

“விழும்.”

“அப்ப ஏதாவது ஒண்டில அடிங்க.”

பணிப்பாளர் சிரித்தார். படிப்பில்லாதவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்று அவரிடம் தனியாக ஒரு சிரிப்பு இருந்தது. “அப்பிடிச் செய்யேலா. உதவி செய்ற நாடு நானூறு கீபோட் தரப்போகுது. எது வேணும் எண்டு நாங்க சொல்லணும். அவசரத்தில பிழையான வில்லில ஒரு சாவைப் பதிஞ்சிட்டு மறுகா அந்தச் சாவு செல்லாது எண்டு வந்தா ஆர் பொறுப்பு? செத்தவங்க ஒருத்தரும் அவசரப்படல்ல ஐயா. உயிரோட இருக்கிற நீங்கதான் அவசரப்படுறிங்க.”

அது உண்மைதான். குழியிலிருந்து இதுவரை ஒரு முறைப்பாடும் வரவில்லை.

ஆடி மாதம் கிராம சேவகர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். ‘விரலுணர்வு அமர்வுக்குத் தங்களது பத்து விரல்களுடனும் சமுகமளிக்கவும்’ என்றிருந்தது. உசாந்தி அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். ஒன்பதோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று வேலப்போடி அந்தக் கிழமை முழுவதும் கத்தியைத் தொடவில்லை. பதிவுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தார். வேறெதற்கு ஒரு மனிதனை அவ்வளவு தூரம் கூப்பிடுவார்கள்.

வெள்ளைச் சீலை விரித்த மேசையில் இரண்டு விசைப்பலகைகளும் இருந்தன. வயர் சீலைக்குக் கீழே போயிருந்தது. கட்டைகளில் நஸீறா தமிழ் எழுத்துகளை வெட்டி ஒட்டியிருந்தாள். பக்கத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கோகுலராஜ், சத்தம் அளக்கிற கருவி ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றான். வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்; அல்லது தூங்கினார்.

“பேரை அடிக்கட்டா தம்பி?”

“எதையும் அடிங்க ஐயா. மனசில என்ன படுது எண்டு மட்டும் சொல்லுங்க.”

வேலப்போடி ஒற்றை விரலால் தேடித் தேடி அமத்தினார். ஆச்சிப்பிள்ளை என்று எழுத, புள்ளியும் கொம்பும் சேர்த்துப் பதின்மூன்று தட்டு. சத்தம் போடுகிற பலகை ஒவ்வொரு தட்டுக்கும் ‘டிக்’ என்றது. பன்னிரண்டாவது தட்டோடு அவர் விரல் நின்றது. மிச்ச ஒன்றையும் அமத்தினால் பெண்சாதி செத்துப்போய்விடுவாள் என்று ஒரு நினைப்பு வந்தது. உசாந்தியின் தறப்பாளை நினைத்துக்கொண்டு அமத்தினார்.

பிறகு முட்டுகிற பலகை. முதல் கட்டையிலேயே முகம் மாறியது.

“கொத்துது,” என்றார்.

“என்ன?”

“செப்பலி மீன் இரையைத் தொட்டுப் பாக்கிற நேரம் நூலில ஒரு கொத்து வரும். கடிக்காது. தொட்டுப் பாக்கும். இது அதேதான்.”

கோகுலராஜ் அதை இங்கிலீசில் சொன்னான். ஆலோசகர் கண்ணைத் திறந்து எழும்பி, வேலப்போடியின் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அன்றே அவரைப் ‘பயனாளிகளின் விரலுணர்வுப் பிரதிநிதி’ ஆக்கிப் படம் வைத்த அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டினார்கள். வடை கொடுத்தார்கள். பதிவு முடிந்துவிட்டதா என்று கேட்டதற்கு, “உங்கட பங்கு பூரணம்,” என்றார் பணிப்பாளர்.

வேலப்போடி வீட்டுக்கு வந்து, “கொம்மாவப் பதிஞ்சாச்சி புள்ள, ரெண்டு தரம்,” என்றார். உசாந்தி அன்றுதான் முதல் தரமாகக் குரலெடுத்து அழுதாள்.

பத்திரம் வரவில்லை. எட்டு மாதம் பார்த்துவிட்டு மறுபடி போனார். கந்தோர் நடுவில் பலகை அடித்து இரண்டாகியிருந்தது. ஒரு பக்கம் சத்தக்காரர், தலைவர் பணிப்பாளர். மறுபக்கம் முட்டுக்காரர், தலைவர் கோகுலராஜ். தேத்தண்ணி வேறு வேறு கேத்தலில் கொதித்தது. சத்தக்காரர் ஒருவரையொருவர் கண்டால் விரலைச் சொடுக்கினார்கள். முட்டுக்காரர் தோளால் ஒரு முட்டு முட்டினார்கள். நஸீறாவின் மேசை நடுப்பலகைக்குக் குறுக்கே இருந்ததால் அவளுக்கு இரண்டு பக்கத்துத் தேத்தண்ணியும் கிடைக்கவில்லை.

“என்ன மனே, உங்களுக்குள்ள சண்டையா?”

“சண்டை இல்ல ஐயா, கொள்கை,” என்றார் பணிப்பாளர். “சத்தம் இருந்தாத்தான் ஆர் வேல செய்றான், ஆர் சும்மா இருக்கிறான் எண்டு அறைக்குள்ள படுத்துக்கிட்டே எனக்கு விளங்கும்.”

“அதுக்காகத்தான் நாங்க முட்டுக் கேக்கிறம்,” என்றான் கோகுலராஜ், பலகைக்கு மேலால் தலையை நீட்டி.

வேலப்போடி அந்த ஒரு நாளில்தான் அந்தக் கந்தோரில் இரண்டு பேர் உண்மை பேசக் கேட்டார்.

“ஆச்சிப்பிள்ளையிட பத்திரம்?”

“அது செயல்முறையில இரிக்கி.”

செயல்முறை என்பது எந்த லாச்சி என்று அவர் கேட்டார். யாரும் காட்டவில்லை.

அதே வருடம் உதவி செய்த நாட்டிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். சத்தக்காரர் தங்கள் பலகைகளை முற்றத்தில் வரிசையாக வைத்து, அவற்றுக்கு மேலே ஒலிவாங்கியைத் தொங்கவிட்டார்கள். பேர் பதிய வந்த சனம் றோட்டுவரை நின்றது. பணிப்பாளர் பேசினார்.

“மீன் பாடுற தேன்நாடு இது. மீனே பாடுற ஊரில எங்கட கீபோட் ஊமையா இருக்கிறது வெக்கம் இல்லையா? இறந்த ஒவ்வொருத்தருக்காகவும் ஒரு சத்தம் கேக்கணும். அந்தச் சத்தத்தைத் தெரிவு செய்றதுக்காக நான் போன மாசம் மூணு நாட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வந்தன். நித்திரை இல்லாமக் கேட்டன்.”

கையைக் காட்டினார். பத்துப் பேர் ஒரே நேரத்தில் அடித்தார்கள். ஒலிபெருக்கி ‘டிக் டிக் டிக்’ என்று வெடித்தது. யுத்தம் மறுபடி மூண்டிருந்த அந்த வருடம் அந்த றோட்டில் அப்படியொரு சத்தம் கேட்டால் சனம் என்ன செய்யுமோ அதைச் செய்தது. முந்நூறு பேர் ஒரே அசைவில் குப்புற விழுந்தார்கள். வேலப்போடியும் விழுந்தார், பிரதிநிதி அட்டை வாய்க்குள் போனது. சைக்கிள் கடைக்காரன் கடையைச் சாத்திவிட்டான்.

விருந்தாளி ஒருவர் அதைப் பார்த்துக் கைகூப்பினாராம். அறிக்கையில் ‘ஒலியெழுப்பும் வகைக்குப் பொதுமக்கள் உள்ளூர் மரபுப்படி நெடுஞ்சாண்கிடையாக வணங்கி ஆதரவு தெரிவித்தனர்’ என்று பதிந்தார்கள். கந்தோரில் அதுவரை நடந்த ஒரே பதிவு அது.

அந்த வருட முடிவில் கதிரவெளி, வாகரைப் பக்கமெல்லாம் ஷெல் விழத் தொடங்கியது. வேலப்போடி உசாந்தியையும் அவள் புருசனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு காட்டு வழியாக நடந்தார். இரண்டு நாள். பிள்ளை குடிக்கத் தண்ணியில்லாமல் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. வந்து சேர்ந்த முகாமில் மறுபடியும் ஒரு தறப்பாள். போன தறப்பாளில் ஓட்டை இரண்டு, இதில் ஐந்து.

அங்கே ஒரு நாள் கந்தோரின் ஜீப் வந்து நின்றது. சனம் பால்மா என்று ஓடியது. கோகுலராஜ் இறங்கி, “விரலுணர்வுப் பிரதிநிதி வேலப்போடி ஆரு?” என்று கேட்டான். வேலப்போடி முன்னால் வந்தார். பத்திரம் கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்துக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கோகுலராஜ் படிவம் ஒன்றை விரித்தான்.

“இடம்பெயர்ந்ததுக்குப் பிறகு உங்கட விரலில உணர்வு கூடியிரிக்கா, குறைஞ்சிரிக்கா, அப்பிடியே இரிக்கா?”

“தம்பி, நீ சாப்பிட்டயா?”

“ஓம் ஐயா. வாற வழியில.”

“அதான்.”

கோகுலராஜ் ‘அப்பிடியே இரிக்கி’ என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டுக்கொண்டு போனான்.

அடுத்த வருடம் ஊருக்குத் திரும்ப விட்டார்கள். வளவில் கிணறு மட்டும் இருந்தது. வீடு கட்டுகிறவர்கள் மறுபடி வந்து, உறுதி இல்லாத வளவுகளை விட்டுவிட்டு இரண்டு பக்கத்திலும் கட்டினார்கள். நடுவில் உசாந்தியின் தகரக் கொட்டில், பல் விழுந்த இடம் மாதிரி. கட்டும் வேலை வைகாசியோடு முடிகிறது என்று 2009 தொடக்கத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள். அதற்குள் உறுதி வந்தால் வீடு, வராவிட்டால் கொட்டில்தான்.

அந்த வைகாசியில் யுத்தம் முடிந்தது என்றார்கள். பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். அதே கிழமையில் கந்தோரிலும் முடிவு வந்தது. வேலப்போடிக்கு அழைப்பு: ‘இறுதித் தெரிவும் முதல் விசை அமுக்கும் மங்கள நிகழ்வும்’. முதல் விசையை அமத்துவது பிரதிநிதி. உசாந்தி அவருடைய வேட்டியைத் தோய்த்துக் கொடுத்தாள்.

“இந்த முறை பத்திரம் இல்லாம வரவேணாம் அப்பா.”

“இந்த முறையும் அடிப்பன். அது விழுமா எண்டு எனக்குத் தெரியா.”

மேடையில் குத்துவிளக்கு. பக்கத்தில் பட்டுத் துணி மூடிய ஒற்றை விசைப்பலகை, மாலை போட்டு. பணிப்பாளர் நாற்பது நிமிடம் பேசினார். சாரம் இதுதான்: நாலு வருட ஆராய்ச்சியின் பின் எவர் மனமும் நோகாத தீர்வு கண்டிருக்கிறோம். உயிரெழுத்துகளுக்கெல்லாம் சத்தம் போடும் வில். மெய்யெழுத்துகளுக்கெல்லாம் முட்டும் வில். உயிர்மெய்யைப் பற்றி ஆராய உபகுழு.

“யுத்தம் முடிஞ்ச நாட்டுக்கு இது ஒரு வழிகாட்டி,” என்றார். “ஒரு பலகையில சத்தமும் முட்டும் சமாதானமா இருக்கலாம் எண்டா, மனுசர் ஏன் இருக்கேலா?”

கைதட்டினார்கள். வேலப்போடியை மேடைக்கு ஏற்றினார்கள். படம் பிடிக்கிறவன் குனிந்தான். அவர் விரலை நீட்டி ‘ஆ’வை அமத்தினார். ‘டிக்’ என்றது. மிச்சப் பன்னிரண்டு தட்டையும் அடிக்கத் தேடினார். பணிப்பாளர் கையைப் பிடித்தார்.

“போதும் ஐயா. ஒண்டுதான்.”

வேலப்போடி கையை இழுத்துக்கொண்டார். தூண்டில்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நெடுநேரம் மீன் படவில்லையென்றால் நூலை நுனிவரை இழுத்துப் பார்ப்பான். நாலு வருடமாக அவர் அதைச் செய்யவில்லை. அடுத்தவனுடைய நூல் என்று விட்டிருந்தார். இப்போது பலகையின் வயரைப் பிடித்து இழுத்தார். அது வந்தது. மேசைச் சீலைக்குக் கீழிருந்து, எதிலும் தடைபடாமல், முழத்துக்கு முழம் வந்தது. நுனி பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தது. கடையில் கட்டிய கட்டு அப்படியே இருந்தது.

“இது எதிலயும் கொழுவல்லையே,” என்றார்.

“இது உணர்வுக்கு மட்டும் ஐயா,” என்றார் பணிப்பாளர், ஒலிவாங்கியைக் கையால் மூடி.

“அண்டைக்கு நான் அடிச்சது?”

“அதுவும் உணர்வுக்குத்தான்.”

“அப்ப ஆச்சிப்பிள்ளை?”

“பதிவுக் கருத்திட்டம் நேத்தோட முடிஞ்சி ஐயா. இண்டைக்குத் தெரிவு விழா மட்டும். கந்தோரும் இண்டையோட மூடுது.”

வேலப்போடி வயரைத் தூண்டில் நூல் சுற்றுகிற மாதிரி உள்ளங்கையில் சுற்றி, மாலைக்கு மேலே வைத்துவிட்டு இறங்கினார். கழுத்து அட்டையைக் கழற்றிக் குத்துவிளக்கின் தலையில் மாட்டினார்.

வாசலில் நஸீறா அவருடைய கையைப் பிடித்து மேசைக்கு இழுத்தாள். லாச்சியைத் திறந்தாள். “என்ட வேல இண்டையோட சரி ஐயா. இனி என்னட்ட எடுக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. பேரு?”

“உனக்குத் தெரியும்.”

பேனையை அழுத்திப் பிடித்து எழுதினாள். பொஸ்தகத்தில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று. வேலப்போடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிடம் ஆகவில்லை, மூன்றரை. சீல் குத்தி, இரண்டையும் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போய், விருந்தாளிகள் ஒப்பமிடும் பொஸ்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பணிப்பாளர் படம் பிடிக்கிறவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எல்லாவற்றிலும் ஒப்பமிட்டார். நாலு வருடத்தில் அவர் செய்த வேலை அதுதான்; அதையும் பார்க்காமல் செய்தார்.

பத்திரத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வேலப்போடி வெளியே வந்தார். கோகுலராஜ் கையில் கொப்பியோடு பின்னால் ஓடி வந்தான்.

“ஐயா, கடைசி அறிக்கைக்கு ஒண்டே ஒண்டு. உங்கட மனசாட்சிப்படி எது நல்லம்? சத்தமா, முட்டா?”

“நூலுக்கு முள்ளுக் கட்டிட்டுக் கூப்பிடு தம்பி. வந்து சொல்றன்.”

கோகுலராஜ் அதை எழுதிக்கொண்டான். எந்தப் பெட்டிக்குள் புள்ளடி போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வேலப்போடி பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார். கொஞ்சத் தூரம் போய்ப் பத்திரத்தை எடுத்துத் திருப்பினார். நஸீறா அழுத்தி எழுதியதில் கடதாசியின் பின்பக்கம் எழுத்துகள் புடைத்திருந்தன. விரலால் தடவினார். பதின்மூன்று தட்டும் இருந்தன. ஆனாலும் அவர் அதை நம்பிவிடவில்லை. கந்தோர் சீல் குத்தின கடதாசி. கூரை ஏறட்டும், அதற்குப் பிறகு நம்பலாம்.

பின்னால் ஒலிபெருக்கியில் அந்தப் பலகையை மறுபடி யாரோ அமத்தினார்கள். ‘டிக்’ என்றது. றோட்டில் இரண்டு மூன்று பேர் குனிந்தார்கள். வேலப்போடி குனியவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.